கொப்பரையும் அச்சகமும்: ஆர்மீனியர் கூடல்களில் மரபும் அன்றாட வாழ்வும்

புலம்பெயர்ந்த ஓர் இனம் தன்னை எதனாற் காத்துக்கொள்கிறது என்னும் வினாவுக்கு ஆர்மீனியர் வரலாற்றில் விடை தேடுவோர் பெரும்பாலும் கல்லையும் அச்சையும் நாடுவர். தேவாலயம், கல்லறை, நூல், வணிக ஆவணம் ஆகியன ஆய்வாளர்க்கு எளிதிற் கிட்டுவன. ஆயினும் அம்மக்களின் வாழ்வைத் தலைமுறை கடந்து சுமந்தவை, உணவையும் நீரையும் எழுத்தையும் நடுவே வைத்து ஆண்டுதோறும் அவர்கள் கூடும் கூடல்களே என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஹரிசா விழாவைச் சான்றாகக் கொள்ளலாம். அந்தியோக்கியாவுக்கு அருகே, மூசா மலையடிவாரத்து ஆர்மீனியச் சிற்றூர்களுக்கு 1915ஆம் ஆண்டுக் கோடையில் ஒட்டோமான் அரசின் வெளியேற்ற ஆணை வந்தது. மக்களிற் பலர் மலையேறி எதிர்த்து நின்றனர். செப்டம்பரிற் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் 4,000க்கு மேற்பட்டோரை மீட்டு எகிப்தின் போர்ட் சயீதிற் சேர்த்தன. (வெர்ஃபலின் 1933ஆம் ஆண்டுப் புதினம் தலைப்பிலேயே நாற்பது நாள் என்கிறது, மலையில் அவர்கள் நின்ற காலம் அதனினும் நீண்டது.) போருக்குப்பின் ஊர் திரும்பியோர், 1939இல் அப்பகுதி துருக்கிக்குச் சென்றபோது மீண்டும் வெளியேறினர். பெரும்பாலோர் லெபனானின் அஞ்சாரிற் குடியேறினர்.

இருமுறை ஊரிழந்தவர்கள் தம்முடன் கொண்டுசென்றது ஒரு சமையல்முறை. உமி நீக்கிய கோதுமையும் இறைச்சியும் பெருங் கொப்பரைகளில் இரவெல்லாம் வெந்து, விடியலில் ஒன்றையொன்று பிரித்தறிய இயலாதபடி குழைந்துவிடும். முரசும் ஸுர்னாக் குழலும் ஒலிக்க ஊரார் விழித்திருப்பர். குருவானவர் ஆசியளித்தபின் வந்தோர் அனைவர்க்கும் விலையின்றி வழங்கப்படும். 'மதாக்' என்னும் நேர்ச்சை விருந்து மரபைச் சார்ந்தது இது. அம்மன் கோயிற் கூழ்வார்ப்பை அறிந்தோர்க்கு இதன் ஒழுங்கு விளங்கும்; ஆயின் இக்கொப்பரை இறைவனுக்குரிய நேர்ச்சையாவதோடு, ஆண்டும் மாதமும் அறியப்பட்ட ஒரு வரலாற்று நிகழ்வையும் நினைவுகூர்கிறது. ஆர்மீனியாவின் முசாலெர் ஊரிலும் செப்டம்பரில் இவ்விழா நிகழ்கிறது. விறகு சேர்ப்பதும் இரவெல்லாம் கிளறுவதும் தனியொருவராற் கூடுவனவல்ல. இளையோர் இல்லையேல் கொப்பரை ஏறாது.

ஒருவர்மீதொருவர் நீர் ஊற்றும் வர்தவார், ஆகஸ்டில் திராட்சைக்கு ஆசி வழங்கும் திருநாள் முதலியனவும் இத்தகையனவே. தமிழாய்வாளர் தனித்து நோக்கவேண்டியது அக்டோபரில் வரும் தூய மொழிபெயர்ப்பாளர் திருநாள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்து வகுத்த மெஸ்ரோப் மஷ்டோட்ஸும் அவர்தம் மாணாக்கரும் புனிதராகப் போற்றப்படும் நாள் அது. மொழிபெயர்ப்பைத் திருச்சபை நாட்காட்டியில் ஏற்றிய இனங்கள் மிகச் சிலவே.

இனிச் சென்னை. இங்கு ஆர்மீனியர்க்குச் செல்வமும் கல்வியும் குறைவில்லை. 1772இல் ஷாஹாமிர் ஷாஹாமிரியானின் குடும்பம் அச்சகம் நிறுவியது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794 அக்டோபரில் ஹருத்யூன் ஷ்மாவோனியனால் இங்குதான் வெளியிடப்பட்டது. இருப்பினும் வணிகம் தளர்ந்து குடும்பங்கள் அகன்றபின் எஞ்சியவை தேவாலயமும் கல்லறைகளும் 'அரண்மனைக்காரன் தெரு' என மருவிய தெருப்பெயருமே. இம்மருவலைத் திரிபென இகழ்வது தகாது; ஆர்மீனியரோடு பழகிய தமிழர் நாவில் அவர்கள் பெயர் வாழ்ந்ததற்கு அதுவே சான்று. எனினும் அந்நாவு அவர்களுடைய பண்டிகைப் பெயர் எதனையும் வழங்கிவரவில்லை.

கொல்கத்தாவின் நிலை வேறு. 1821இல் தொடங்கிய ஆர்மீனியக் கல்லூரிக்கு ஆர்மீனியா, ஈரான், ஈராக் நாடுகளிலிருந்து பிள்ளைகள் வந்து தங்கிப் பயின்றுள்ளனர். சனவரி 6ஆம் நாள் கிறிஸ்து பிறப்புத் திருநாள் வழிபாடு அந்நகரில் இன்றும் நிகழ்கிறது. சென்னைத் தேவாலயத்தின் பராமரிப்பும் கொல்கத்தாச் சமூகத்தின் பொறுப்பிலேயே உள்ளது.