பேவர்லூபாவும் மூலப்பத்திரமும்

மக்களே, ஒரு கேள்வி. நம்ம ஆமத்தூர்ல ரெண்டு சென்ட் இடம் வாங்கப் போறீங்கன்னு வைங்க. முதல்ல என்ன கேட்பீங்க? மண்ணு கரிசலா செம்மண்ணான்னா? மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா, இதைத்தானே? பழைய வெளிநாட்டு வாட்ச் வாங்குறதும் விக்குறதும் அதே கதைதான்னு எனக்கு இப்பதான் உறைச்சது. அதுவும் சொந்த வீட்டு வாட்ச்சை வச்சு.

எங்க தாத்தாகிட்ட ஒரு பேவர்லூபா இருக்கு. 1969-ல கல்யாணத்துக்கு மாமனார் வீட்ல போட்டது. தங்கக் கலர், சாவி கொடுக்கிற வாட்ச், டயல்ல 'சீ சீஃப்'னு எழுதியிருக்கும். தாத்தா ஒரு பட்டாசு ஆலை ஆபீஸ்ல கணக்குப்பிள்ளையா இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் நெட்ல மேய்ஞ்சிட்டிருந்தப்ப பழைய பேவர்லூபா ஒண்ணு லட்சத்துக்கு மேல விலை போட்டிருந்ததைப் பார்த்துட்டேன். வீடு பூரா தண்டோரா போட்டாச்சு. தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். அப்பா சத்தமில்லாம மனக்கணக்கு போட ஆரம்பிச்சுட்டார். தாத்தாவும் "எனக்கு எதுக்குப்பா, வித்துப் பிள்ளைக்குக் கட்டுங்க"ன்னு கழட்டிக் கொடுத்துட்டார்.

மதுரையில பழைய வாட்ச் வாங்கி விக்கிற ஒருத்தர்கிட்ட போனோம். கண்ணுல லென்ஸை மாட்டினார். அரை நிமிஷம்தான். "தம்பி, மெஷின் ஒரிஜினல். டயல் ரீ-டயல். கேஸ் பாலிஷ் போட்டது. நாலாயிரம் தரலாம்" என்றார்.

லட்சம் எப்படி அரை நிமிஷத்துல நாலாயிரம் ஆச்சு? கோபம்தான் வந்தது. ஏமாத்துறார்னே நினைச்சேன். அப்புறம் உட்கார்ந்து படிக்கப் படிக்கத்தான் தெரிஞ்சது, அவர் சொன்னது சரி, தப்பு என் மேலதான். நான் நெட்ல பார்த்தது 'பிவோவாக்'. 1962-ல வந்த மாடல், கையில கட்டிக்கிட்டு மலை ஏறினா எவ்வளவு உயரம்னு காட்டுற முதல் கைக்கடிகாரம். எங்க வீட்ல இருந்தது சீ சீஃப். ரெண்டுக்கும் பேர் மட்டும்தான் ஒண்ணு. ஆனா விஷயம் அதோட முடியலை. இந்த 'ரீ-டயல்'ங்கிற ஒரு வார்த்தைக்குப் பின்னால நம்ம நாட்டு வரலாறே இருக்கு.

பேவர்லூபா சுவிட்சர்லாந்து கம்பெனி. லெ லோக்ல் ஊர்ல ஆபிரகாம் ஃபேவர்னு ஒரு கடிகாரத் தொழிலாளி பேர் 1737-லயே ஆவணத்துல இருக்கு. அந்தக் குடும்பம் 1865-ல இந்தியாவுக்கு வியாபாரத்துக்கு வந்தது. சிப்பாய்க் கலகம் வெடிச்சு எட்டே வருஷம்! ரயில் பரவிக்கிட்டிருந்த காலம். ரயிலுக்கும் ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் மணி தேவைப்பட்டது. 1886-ல வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி பம்பாய்க்கு வந்தது. நம்ம பக்கம் மெட்ராஸ் மவுண்ட் ரோட்ல பி.ஆர் அண்ட் சன்ஸ் ஏற்கெனவே இருந்தாங்க. ஆக, ரோலெக்ஸ்னு ஒரு பேரே பதிவாகாத காலத்துல (அது 1908) இந்தியாவுல சுவிஸ் வாட்ச் வியாபாரம் ஓடிக்கிட்டிருந்தது. நம்ம தாத்தாமார் தலைமுறைக்கு 'பாரின் வாட்ச்'னா பேவர்லூபா, வெஸ்ட் எண்ட், ரோமர், ஒமேகாதான்.

சுதந்திரத்துக்கு அப்புறம் நிலைமை மாறுச்சு. அந்நியச் செலாவணி பற்றாக்குறை. வாட்ச் ஆடம்பரப் பொருள், லைசென்ஸ் இல்லாம இறக்குமதி பண்ண முடியாது. அரசாங்கமே 1961-ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட கூட்டு சேர்ந்து பெங்களூர்ல எச்.எம்.டி. வாட்ச் ஃபேக்டரி ஆரம்பிச்சது. ஜனதா, பைலட் எல்லாம் அங்கே பிறந்ததுதான். ஆனா தேவைக்குக் கொஞ்சம்தான் வந்தது. மீதிக்கு? கடத்தல்தான்!

பி.காம். படிக்கிறவனுக்கு இங்கதான் சுவாரசியம். 1962 சுங்கச் சட்டம் 123-வது பிரிவை எடுத்துப் பாருங்க. பொதுவா குற்றம் சாட்டுறவன்தான் நிரூபிக்கணும். இந்தப் பிரிவு அதைத் தலைகீழா மாத்துது. கடத்தல் பொருள்னு நியாயமா சந்தேகப்பட்டு அதிகாரி பறிமுதல் பண்ணினா, அது கடத்தல் இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது யாரிடம் இருந்து எடுத்தாங்களோ அவர். எந்தப் பொருளுக்கு இந்த விதி? சட்டத்துலயே பேர் சொல்லியிருக்கு: தங்கம், அப்புறம் வாட்ச்! தங்கத்துக்குப் பக்கத்துல வாட்ச்சை உட்கார வச்சிருக்காங்கன்னா அந்தக் காலத்துல அதுக்கு என்ன மவுசுன்னு யோசிச்சுக்கோங்க. கடத்தல் உலகத்துல பேர் பெற்ற ஹாஜி மஸ்தான் பிறந்தது பனைக்குளம். அன்னைக்கு ராமநாதபுரம் மாவட்டம். நம்ம விருதுநகரும் 1985 வரைக்கும் அதே மாவட்டம்தான் (இதுல பெருமைப்பட ஒண்ணும் இல்லை :-)). சென்னையில பர்மாவுல இருந்து திரும்பி வந்தவங்களுக்காக 1969-ல உண்டான பர்மா பஜார்தான் பின்னாடி நம்ம ஆளுங்களுக்கு பாரின் பொருள் வாசல்.

இதோட விளைவை யாரும் அதிகம் பேசுறதில்லை. பில் இல்லாம வந்த வாட்ச்சுக்கு பில்லை யார் பத்திரப்படுத்துவா? முறையா வாங்கினவங்களே கேரண்டி கார்டை ரெண்டு வருஷத்துல தூக்கிப் போட்டாங்க. இன்னொன்னு, ஸ்பேர் பார்ட்ஸ் வராது. முள்ளு போனா வேற வாட்ச் முள்ளு. கண்ணாடி போனா கையால தேய்ச்ச கண்ணாடி. நம்ம ஊர் வாட்ச் ரிப்பேர் கடை அண்ணாச்சிகளோட திறமைக்குக் கோயில் கட்டலாம். அந்தத் திறமைதான் இன்னைக்கு விலையைக் கொல்லுது!

தாத்தாகிட்ட மெதுவா கேட்டேன், "இந்த டயல் எப்பவாவது மாத்தினீங்களா தாத்தா?" உடனே முகம் மலர்ந்து சொன்னார். "ஆமாடா. உங்கப்பன் ஸ்கூல்ல சேர்ந்த சமயம். டயல் கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. பஜார்ல கொடுத்தேன், அவன் வெளியூருக்கு அனுப்பி புதுசு மாதிரி பண்ணிக் கொடுத்தான்." ஏன் கறுத்துச்சுன்னு யோசிச்சேன். அந்தக் கால டயல் நிறைய வெள்ளிப் பூச்சு. ஆபீஸோ பட்டாசு ஆலை வளாகத்துல. கந்தகத் தூள் பட்டா வெள்ளி கறுக்கும். பூஜை அறை வெள்ளி விளக்கு கறுக்கிற அதே ரசாயனம்தான். வேர்வையும் சேர்ந்தா கேட்கவே வேண்டாம்.

ரீ-டயல்னா வேற டயல் மாத்துறது இல்லைங்க. அதே தகட்டைச் சுரண்டி, பூசி, மேல புதுசா எழுத்து அச்சடிக்கிறது. அதனால பழைய டயலைத் தேடிப் பிடிச்சுத் திரும்ப மாட்டலாம்னு நினைச்சா அதுவும் நடக்காது. சுரண்டினதோட போச்சு.

டயல்ல அச்சடிக்கிறதும் அச்சுத் தொழில்தான். பொறித்த தகட்டுல மை தடவி, மெத்துனு ஒரு பேட்ல ஒத்தி எடுத்து, டயல் மேல ஒத்துவாங்க. சிவகாசியில பிரஸ் வச்சிருக்கிற ஒரு நண்பன் வீட்ல இருந்து, காலண்டர்ல கலர் ரிஜிஸ்டர் விலகியிருக்கான்னு பார்க்கிற லென்ஸை வாங்கிட்டு வந்தேன். வச்சுப் பார்த்தா எனக்கே தெரியுது! எழுத்து தடிச்சு, ஓரம் பிசிறடிச்சு இருக்கு. நிமிஷக் கோடுகள் மேல ஒட்டியிருக்கிற மணிக் கட்டைகளோட நேரா வரலை, ரெண்டு மணிக்கிட்ட விலகி நிக்குது. ஆறு மணிக்குக் கீழ 'சுவிஸ் மேட்'னு பொடி எழுத்து இருக்கணும், சுத்தமா இல்லை. ரிஜிஸ்டர் விலகின லேபிளை நம்ம ஊர்ல யாரும் பாஸ் பண்ண மாட்டாங்க. அதே கண்ணைத்தான் மதுரைக்காரரும் வச்சிருந்தார்.

அப்பாவுக்கு இன்னொரு நம்பிக்கை, தங்கம். பின்மூடியில 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்'னு இருக்கு. அதுக்கு அர்த்தம் பின்மூடி மட்டும்தான் ஸ்டீல், மீதிக் கேஸ் பித்தளை மாதிரி மட்டமான உலோகம். மேல 20 மைக்ரான் தங்க முலாம். 20 மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல 50-ல் ஒரு பங்கு. மொத்தக் கேஸையும் சுரண்டினாலும் ஒரு கிராம் தேறாது. அதுவும் பாலிஷ் போடப் போட முலாம் தேயும்.

சரி, உலகம் எதுக்கு இந்தப் பழசுக்குக் காசு கொடுக்குது? 1969 டிசம்பர் 25-ல ஜப்பான் சீகோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விட்டது. தாத்தாவுக்குக் கல்யாணம் ஆன அதே வருஷம். பேட்டரியில ஓடுறது சாவி கொடுக்கிறதை விடத் துல்லியம், சீக்கிரமே விலையும் மலிஞ்சது. சுவிஸ் தொழில் சரிஞ்சது. பேவர்லூபா குடும்பமே 1985-ல கம்பெனியை வித்துட்டாங்க. இங்கே டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல டைட்டனை ஆரம்பிச்சு, ஓசூர்ல குவார்ட்ஸ் வாட்ச்சா செஞ்சு தள்ளினாங்க. எச்.எம்.டி. அதுல அடிபட்டதுதான், எழுந்திருக்கவே இல்லை. 2016-ல எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. கூத்து என்னன்னா, அதே டைட்டன் 2011-ல பேவர்லூபாவை வாங்கினது! 2023-ல அது எத்தோஸ் கைக்குப் போச்சு. ஆக, 1865-ல இங்கே விக்க வந்த கம்பெனி இன்னைக்கு இந்தியக்காரங்க சொத்து.

மணி பார்க்க செல்போன் வந்த பிறகு சாவி வாட்ச் கருவிங்கிற நிலையில இருந்து சாட்சிங்கிற நிலைக்குப் போயிடுச்சு. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா சாதாரண ஸ்டீல் வாட்ச்தான். மனைவி வாங்கிக் கொடுத்தது, பின்னால 'கவனமா ஓட்டு'ங்கிற அர்த்தத்துல ஒரு வரி பொறிச்சிருப்பார். 2017 அக்டோபர்ல நியூயார்க் ஏலத்துல சுமார் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போச்சு. இது அதே வாட்ச்தான்னு சந்தேகம் இல்லாம காட்ட முடிஞ்சதுக்குக் கொடுத்த விலை அது. பெட்டி, கார்டு, சர்வீஸ் சீட்டு எல்லாம் இருந்தா விலை கூடுறதும் இதனாலதான். மூலப்பத்திரம்!

ஜார்ஜ் அக்கெர்லாஃப் 1970-ல எழுதின பழைய கார் கட்டுரை எக்கனாமிக்ஸ் பேப்பர்ல வந்திருக்கும் (2001-ல நோபல்). நல்லது எது கெட்டது எதுன்னு வாங்குறவனுக்குத் தெரியாத சந்தையில எல்லாத்துக்கும் சராசரி விலைதான் கிடைக்கும், நல்ல சரக்கு வச்சிருக்கிறவன் விலகிப் போவான். பழைய எச்.எம்.டி. பைலட் சந்தை இதுக்கு அப்பட்டமான உதாரணம். கம்பெனி மூடினதும் தேவை ஏறுச்சு, பளபளன்னு ரீ-டயல் பைலட்டுங்க வந்து குவிஞ்சது. நாற்பது வருஷ வாட்ச் டயல் புத்தம் புதுசா மின்னினா சந்தோஷப்படாதீங்க, பயப்படுங்க. இருட்டுல பச்சையா ஒளிரும் முள்ளும் அப்படித்தான். 1960-கள் டயல்ல பெரும்பாலும் ட்ரிட்டியம் பூசினாங்க. அது பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாக் குறையும். இன்னைக்கும் ஜொலிக்குதுன்னா யாரோ புதுசாத் தடவியிருக்காங்க.

வாங்கப் போறவங்களுக்கு பிசினஸ் லா பாடத்துல இருந்து ஒண்ணு. 1930 சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16, வாங்குறவன்தான் ஜாக்கிரதையா இருக்கணும்னு பொதுவாச் சொல்லுது. ஆனா பிரிவு 15-ன்படி, வர்ணனையை நம்பி வாங்கினா பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்தணும். அதனால விக்கிறவர்கிட்ட "டயல் ஒரிஜினலா?"ன்னு வாயால கேட்டு நிறுத்தாதீங்க. எழுத்துல வாங்குங்க. பில்லுல 'ஓடும் நிலையில் உள்ள பழைய வாட்ச்'னு மட்டும் போட்டிருந்தா உங்ககிட்ட பிடி ஒண்ணும் இல்லை. விலை ஏறிக்கிட்டே போகும்னு சொல்றவங்களையும் நம்பாதீங்க. கொரோனா காலத்துல எகிறின ரோலெக்ஸ் மறுவிற்பனை விலை 2022 ஆரம்பத்துல உச்சிக்குப் போய் அப்புறம் இறங்கினதுதான். அரசாங்கத்துக்கும் வாட்ச் மேல இருக்கிற கண்ணு இன்னும் போகலை. 10 லட்சத்துக்கு மேல கைக்கடிகாரம் வித்தா 1% வரி பிடிச்சுக் கட்டணும்னு 2025 ஏப்ரல் 22-ல கொண்டு வந்தாங்க. நமக்கு அந்தக் கவலை இல்லை :-)

தங்கச்சி ஃபீஸுக்கு அப்பா வேற இடத்துல புரட்டிட்டார். வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்து, டயல் விஷயத்தை நான் இழுத்து இழுத்துச் சொன்னேன். புதுசாக்கினதுதான் விலையைக் கெடுத்துச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை, ஆனா அவருக்குப் புரிஞ்சிருச்சு. கணக்குப்பிள்ளை இல்லையா.

"மாமனார் அன்னைக்கு என் ரெண்டு மாசச் சம்பளத்தைப் போட்டு வாங்கினார்டா. அம்பது வருஷத்துக்கு மேல ஓடியாச்சு. தேய்மானம் எப்பவோ எழுதி முடிச்சாச்சு. இதுக்கு மேல நாலாயிரம் வந்தா அது முழு லாபம்தானே?"

விக்கவும் இல்லை. சாவி கொடுத்துக் கட்டிக்கிட்டார். நாளைக்கு நாலு நிமிஷம் முன்னால ஓடுது.