கல்லும் கயிறும் மூச்சும்



போர்ட்ஸ்மத்துக்கு எதிர்க்கரையான கோஸ்போர்ட்டில், விக்டோரியா காலத்துப் பீரங்கிக் கோட்டை ஒன்றுக்குள் நீர்மூழ்குதல் பற்றிய அருங்காட்சியகம் இருக்கிறது. நம் வீடுகளிலிருந்து ஒருநாள் பயணம்தான். அது சொல்லும் கதையில் லண்டனுக்கும் பங்குண்டு. 1823இல் சார்ல்ஸ் டீன், புகைக்குள் நுழையும் தீயணைப்பாளருக்கென ஒரு தலைக்கவசத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவரும் சகோதரர் ஜானும் அதைக் கடலுக்கு ஏற்றதாக மாற்றினார்கள். சோஹோவின் டென்மார்க் தெருவில் பட்டறை வைத்திருந்த அகஸ்டஸ் சீபே அதைச் செம்மைப்படுத்தினார். 1836இல் மீனவர் வலை சிக்கிய இடத்தில் ஜான் டீன் இறங்கி ஆராய்ந்ததுதான் 'மேரி ரோஸ்' போர்க்கப்பல்.

இது கருவிகளின் வரலாறு. கருவி இல்லாமல் மூழ்கியவர்களின் வரலாற்றை எங்கே வைப்பது?

மன்னார் வளைகுடாவில் கொற்கைக் காலம் முதல் முத்துக்குளிப்பு நடந்தது. குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார். கழுத்தில் அல்லது இடுப்பில் வலைப்பை. ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்குவார். படகில் நிற்பவர் கயிற்றின் அசைவைக் கவனித்து மேலே இழுப்பார். உயிர் அவர் கையில். சுறாவை மந்திரத்தால் கட்டுபவர் என்று நம்பப்பட்ட 'கடல்கட்டி' இல்லாமல் பலர் கடலில் இறங்கவே மாட்டார்கள்.

1905இல் மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணத்தவரோடு அரேபியரும் குளித்தார்கள். குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி அரசுக்கு. அந்த லாபத்தைக் கண்ட அரசு 1906இல் சிப்பிப் பார்களை ஒரு நிறுவனத்துக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பின் பார்கள் வறண்டன, நிறுவனமும் கலைந்தது.

எத்தனை சிப்பி, எவ்வளவு வருமானம் என்பது அரசு அறிக்கைகளில் நுணுக்கமாக இருக்கிறது. மூழ்கியவர்களின் பெயர்கள் அநேகமாக இல்லை. செம்புக் கவசத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம். அடக்கிய மூச்சை வைக்க முடியாது. கல் கடற்கரைக் கற்களோடு சேர்ந்துவிட்டது, கயிறு இற்றுவிட்டது.

எஞ்சியிருப்பவை சொற்கள்தான். சலாபம், பார், கடல்கட்டி. சிலாவத்துறை என்னும் ஊர்ப்பெயரிலேயே சலாபம் ஒளிந்திருக்கிறது என்பார்கள். மன்னாரிலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ வந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், சங்கு குளித்த மாமாவைப் பற்றி, கயிறு பிடித்த தாத்தாவைப் பற்றிக் கேளுங்கள். கைபேசியில் பதிந்து வையுங்கள். அந்த மூச்சுக்கு நம்மால் கட்ட முடிந்த அருங்காட்சியகம் அதுதான்.