எண்ணும் எழுத்தும்: கணிதக் கூறு

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அடிப்படை எண்ணறிவை உறுதிசெய்யும் திட்டப் பகுதி. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் 1 முதல் 3 வரையான வகுப்புகளில் தொடங்கி, 2023-24இல் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. குழந்தைகள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்படுவர். கடினமான படி இடமதிப்பே: இருபத்து மூன்றை 203 என எழுதும் குழந்தைக்கு எண்ணத் தெரியாமலில்லை, காதில் விழுந்தபடி எழுதுகிறது. இத்தகைய பிழையின் காரணத்தை அறிவது ஆசிரியர் பயிற்சிக்கு இன்றியமையாதது. பாடப்பொருளையும் பயிற்சியையும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் வடிவமைக்க, பயிற்சி ஒன்றிய அளவில் நடைபெறுகிறது. இத்திட்டத்தின் முன்னோடி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல்.