எந்தக் கடிகாரத்தை நம்புவது? என்.டி.பி. நெறிமுறையின் வரலாறு (1985–2010)

கணினியின் கடிகாரம் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை எண்ணி ஓடுவது. பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு என்னும் சிறு பிழைகூட நாளொன்றுக்கு 0.86 நொடியாகத் திரண்டுவிடும். வலையமைப்பு வழியாக இதைத் திருத்தும் என்.டி.பி. நெறிமுறையின் வரலாற்றைத் துல்லியத்தின் வளர்ச்சியாக மட்டும் காண்பது போதாது. அதன் ஆவணங்களைக் கால வரிசையில் நோக்கினால், யாரை நம்புவது என்னும் வினாவே அதனை நடத்திச் சென்றமை புலனாகும்.

டேவிட் எல். மில்ஸ் 1985 செப்டம்பரில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 958 இந்நெறிமுறையை வரையறுத்தது. கேள்வி புறப்பட்ட நேரம், சேவையகத்தை அடைந்த நேரம், விடை புறப்பட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம் ஆகிய நான்கும் குறிக்கப்படும். போகவும் வரவும் ஒரே அளவு காலம் ஆகும் என்று கொண்டால், இரு கடிகாரங்களின் வேறுபாட்டைக் கணக்கிட்டுவிடலாம். இடர்ப்பாடு இந்தக் கருதுகோளில்தான் உள்ளது. போக 60 மில்லிநொடியும் வர 20 மில்லிநொடியும் ஆனால், கணக்கில் 20 மில்லிநொடிப் பிழை நுழையும். அந்த நான்கு எண்களை மட்டும் கொண்டு அதனைக் கண்டறிய இயலாது.

ஆகவே பல சேவையகங்களை ஒப்பிட வேண்டியதாயிற்று. கீத் மர்சுல்லோ 1984இல் தம் ஆய்வேட்டில் முன்வைத்த முறையில், ஒவ்வொரு கடிகாரமும் உண்மை நேரம் அடங்கக்கூடிய ஓர் இடைவெளியைத் தருகிறது. மிகுதியான இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியே ஏற்கப்படும். மில்ஸ் இதனைத் திருத்தியமைத்து, 1992இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். விலகி நிற்பவை பொய்க்கடிகாரங்கள் எனத் தள்ளப்பட்டன. (பெரும்பான்மைக் கடிகாரங்கள் ஒருசேரப் பிழைத்தால் இம்முறையும் பிழைக்கும்.)

கேட்பவரை நம்பலாமா என்பது அப்போது எழாத வினா. 2003இல் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தின் பொதுச் சேவையகத்தைக் கேள்விகள் வெள்ளமாகத் தாக்கின. நெட்கியர் நிறுவனத்தின் சில வீட்டு ரௌட்டர்களில் அச்சேவையகத்தின் முகவரி நிலையாகப் பதிக்கப்பட்டிருந்ததே காரணம். விடை பெறாத கருவி நொடிக்கு ஒருமுறை மீண்டும் கேட்டது. எனவே சேவையகம் விடையளிக்க மறுத்தால் வெள்ளம் பெருகுமேயன்றி வடியாது. உச்சத்தில் நொடிக்கு ஏறத்தாழ 2,50,000 தரவுப் பொதிகள் வந்தன. பொதுநலன் கருதி இலவசமாக வழங்கப்பட்ட சேவைக்கு நேர்ந்த நிலை இது.

2006இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4330, 15 நொடிக்குக் குறைந்த இடைவெளியில் எந்நிலையிலும் கேட்கலாகாது என விதித்தது. 2010இன் ஆர்.எஃப்.சி. 5905இல், கேட்கும் வேகத்தைக் குறைக்குமாறு சேவையகம் அனுப்பும் விடைக்குறியும் இடம்பெற்றுள்ளது. ஆயினும் அக்குறிக்குக் கீழ்ப்படிவது கருவியின் மென்பொருளைப் பொறுத்ததே.