தொலைக் கணிப்பொறியும் தமிழ் எழுத்தும்

சென்னையிலிருந்து வடக்கே ரயிலேறிச் செல்லும் நம்மவர்க்குத் தடா புதிய ஊர் அன்று. தமிழ்நாட்டு எல்லையைக் கடந்ததும் வருவது. இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. வண்டிக்குள் தமிழ்ப் பேச்சுத் தொடர்கிறது; வெளியே கடைப் பலகைகளில் தெலுங்கு எழுத்து மேலோங்கிவிடுகிறது. கணிப்பொறி வரலாற்றிலும் இதனையொத்த ஓர் எல்லை இருந்தது.

ஒரு கணிப்பொறியில் இயங்கும் நிரலின் சாளரத்தை வேறொன்றின் திரையில் தோற்றுவிக்கும் முறையைப் பரவலாக்கியது எக்ஸ் விண்டோ அமைப்பு. 1984-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாப் ஷைஃப்லர் இதனைத் தொடங்கினார். ஜிம் கெட்டிஸ் உடனுழைத்தார். ஸ்டான்ஃபோர்டில் பிறந்த ‘டபிள்யூ’ என்னும் அமைப்பை அடியொற்றியதால் அடுத்த எழுத்தே இதற்குப் பெயராயிற்று. 1987 செப்டம்பரில் வெளிவந்த 11-ஆம் பதிப்பே நிலைத்தது.

தொலைவிலுள்ள நிரல் பெரும்பாலும் படத்தை அனுப்புவதில்லை. ‘இங்கே கோடு இடுக, அங்கே இவ்வெழுத்தை எழுதுக’ என்று கட்டளைகளையே அனுப்பும். வரைவது நம் மேசைமேலுள்ள கணிப்பொறி. ஆகவே அதற்கே ‘வழங்கி’ என்று பெயர். தொலைவிலுள்ள நிரலோ அதன் வாடிக்கையாளர். மொழிபெயர்க்கும் நம் போன்றோர் விழிப்புடன் கடக்கவேண்டிய இடம் இது!

இதில் தமிழர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. எழுத்துருக்களும் திரையின் பக்கமே இருக்கவேண்டும் என்பது பழைய விதி. சென்னைப் பொறியில் தமிழ் நிரல் செவ்வனே இயங்கினாலும், தில்லியிலுள்ள பொறிக்குத் தமிழ் எழுத்துரு எட்டாவிடில் அங்கே தமிழ் தோன்றாது. பிறர் அலுவலகப் பொறியில் எழுத்துருவை நிறுவ எத்தனை பேர்க்கு அனுமதி கிடைக்கும்?

2000-ஆம் ஆண்டளவில் கீத் பேக்கார்டு வகுத்த ‘ரெண்டர்’ என்னும் விரிவாக்கம் இவ்விதியைத் தளர்த்தியது. தொலை நிரல் தன்னிடமுள்ள எழுத்துருவினின்று வடிவங்களைத் தானே ஆக்கி அனுப்பும். வழங்கி அவற்றைச் சேமித்துவைத்து, பின்னர் எண்ணைச் சொன்னாலே எடுத்து இடும். தமிழ் எழுத்துரு சென்னையில் இருந்தாலே போதுமாயிற்று.

கட்டளைகள் மறைப்பின்றிச் சென்றமையால் இடையில் எவரும் ஒட்டுக்கேட்கலாம் என்பது வேறொரு குறை. 1995-இல் ஃபின்லாந்தின் டாட்டு யுலோனன் ஆக்கிய எஸ்எஸ்எச் முறை அவற்றை மறைகுறியாக்கிச் செலுத்தியது. தொலைவு மிகுந்தால் நேரும் தாமதத்தை மட்டும் அதனாலும் நீக்க முடியவில்லை.

எக்ஸின் இடத்தை இப்போது பெற்றுவருவது 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பர்க் தொடங்கிய வேலண்ட். அதில் நிரலே தன் சாளரத்தை முழுதும் வரைந்து ஒப்படைக்கிறது. தொலைவுக்கு அனுப்புதல் அதன் அடிப்படை விதிகளுள் இல்லை. அதற்குத் தனித் துணைநிரல்கள் வேண்டும்.