வெந்நீர் அடுப்பும் விளாவிய தண்ணீரும்



கிணற்றைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது நமது கிணத்துக்கடவு. குழாயும் மின்சாரமும் இல்லங்களுக்கு வருமுன் இப்பகுதியில் குளியல் ஏற்பாடு எவ்வாறு அமைந்திருந்தது என்பதை இளைய தலைமுறையினர் அறிந்துகொள்வது நலம்.

அன்று பல வீடுகளில் குளியலறை வீட்டினுள் இல்லை. பொடக்காளியில் ஓலைத் தட்டியால் ஒரு மறைப்பு; அருகே மண்ணால் கட்டிய வெந்நீர் அடுப்பு. அதன்மேல் செப்பு அண்டாவோ தவலையோ அமர்ந்திருக்கும். கரி ஒட்டாதிருக்க அதன் அடிப்புறத்தில் மண் பூசுவதுண்டு. மானாவாரிக் காட்டின் பருத்திமாரும், தோப்புகளின் தேங்காய் மட்டையும் பன்னாடையும் எரிபொருளாயின. கொதித்த நீரில் ஓரிரு சொம்பு எடுத்து, தண்ணீர் விளாவிக் குளிப்பார்கள்.

வசதி படைத்தோர் இல்லங்களில் செப்புப் பாய்லர் இருந்தது. நடுவில் நெருப்புக் குழல். அதனைச் சூழ்ந்து தண்ணீர். மேலுள்ள புனலில் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது அடிப்பகுதிக்குச் செல்ல, மேலே நின்ற வெந்நீர் குழாய் வழியே வெளிவரும். ஊற்றிய அளவே கிடைக்கும்.

1932ஆம் ஆண்டு பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவை வட்டாரத்தில் மின்சாரம் பரவியது. ஆலைகளையும் பம்புசெட்டுகளையும் இயக்கிய அம்மின்சாரம் சாதாரணக் குடும்பத்தின் குளியலறையை எட்டப் பல்லாண்டுகள் ஆயின. பின்னர் வாளியில் இடும் ஹீட்டர் வந்தது. அடுத்துக் கீசர் வந்தது. ஐஸ்லாந்து நாட்டின் வெந்நீர் ஊற்று ஒன்றின் பெயரே 'கீசர்' ஆயிற்று. இன்று மாடிகளில் சூரிய வெந்நீர்க் கலன்களையும் காண்கிறோம்.

பழைய சிக்கனத்தைப் பெருமையாகப் பேசும்போது, அதன் சுமையைத் தாங்கியவர்களை மறக்கலாகாது. ஸுப்ஹுக்கு முன்பே எழுந்து, கிணற்றில் நீர் சேந்தி, குடம் சுமந்து, புகையில் கண் எரிய அடுப்பு ஊதியவர்கள் நம் தாய்மார்களும் பாட்டிமார்களுமே. வீட்டார் அனைவரும் குளித்தபின் எஞ்சிய ஆறிய நீரே பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைத்தது. அந்தக் கஷ்டம் நீங்கியது நல்லதே.

ஆனால் கஷ்டத்தோடு அளவும் நீங்கிவிட்டதே! நபி (ஸல்) அவர்கள் ஒரு 'ஸாஉ' முதல் ஐந்து 'முத்து' வரையிலான நீரில் குளித்ததாக ஹதீஸ் கூறுகிறது. ஒரு ஸாஉ என்பது நான்கு முத்து, ஏறத்தாழ 3 லிட்டர். இன்று வெந்நீர் வரும்வரை குழாயைத் திறந்துவிட்டு நாம் வீணாக்கும் நீரே அதனினும் மிகுதி. அன்று சுமையின் காரணமாக இருந்த சிக்கனத்தை இன்று நாமே விரும்பி மேற்கொள்ள வேண்டும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.