நண்பர்களோடு முதல் வெளிநாட்டுப் பயணம்: மகனைத் தயார் செய்வது எப்படி?

பிளஸ் டூ முடித்த மகன் நண்பர்களோடு மலேசியா, சிங்கப்பூர் போய்வர அனுமதி கேட்கிறானா? மறுப்பதற்கு முன், அவனைத் தயார் செய்யப் பாருங்கள்.

ஆவணம்: சிறார் பாஸ்போர்ட் 5 ஆண்டு அல்லது 18 வயது, எது முந்தியோ அதுவரைதான் செல்லும். இரு நாடுகளுக்கும் 6 மாதச் செல்லுபடி தேவை. புதுப்பிக்க பீர்க்கன்கரணைவாசிகளுக்குத் தாம்பரத்திலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கிறது. வருகை அட்டையை இணையத்தில் இலவசமாக, போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும்.

அமீர்: மூவர் பயணம் போனால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். யார் அமீர் என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்யட்டும். அவர் எண் எல்லாப் பெற்றோரிடமும் இருக்கட்டும்.

தொழுகை: 4 ரக்அத்தை 2 ஆகச் சுருக்கும் கஸ்ரைக் கற்றுக்கொடுங்கள். ஒரே ஊரில் 15 நாள் தங்க நிய்யத் வைத்தால் ஹனஃபி மத்ஹபில் முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபி மத்ஹபில், வரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 நாள்.

அடுத்தவர் பொதி: இதுதான் மிக முக்கியம். "இதை என் தம்பியிடம் கொடுத்துவிடு" என்று யார் நீட்டினாலும் வாங்கக் கூடாது. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை வரை உண்டு. பொதி கையில் இருந்தாலே, உள்ளே இருப்பதை அறிந்தவர் என்றுதான் சட்டம் கருதும். அறியாத பொருளுக்கு அமானத் ஏற்காதே என்று அழுத்திச் சொல்லுங்கள்.

உதவி தேவையா? கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா, சிங்கப்பூரின் சூலியா பள்ளிவாசல் இரண்டிலும் தமிழ் பேசும் ஜமாஅத்தினர் உண்டு.

பயண துஆவை மனனம் செய்யவைத்து, அல்லாஹ்விடம் ஒப்படைத்து வழியனுப்புங்கள்.